தள்ளலாம், தூக்கக்கூடாது

பிள்ளையாரே, கதவு சத்தம் போடாமல் சாத்துப்பட்டது உன்னுடைய கருணை, இனி இந்தப் படியிலும் என் கால் சத்தம் போடாமல் இறங்க வேண்டும், மேலே இவர் குறட்டை விடுகிற மட்டும் எனக்கு ஒரு பயமும் இல்லை, குறட்டை நின்றால்தான் பயம், கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்தக் குறட்டையை நிற்பாட்டித் தா என்று உன்னிடம் மன்றாடினவள் இப்போது நிற்பாட்டிப்போடாதே என்று மன்றாடுகிறேன், மனுசருடைய வேண்டுதல்களைக் கேட்டுக் கேட்டுத்தான் உனக்குக் காது அவ்வளவு பெரிதாகப் போனதோ தெரியாது. இரவிரவாக ஸ்நோ, ஊரிலே பனி என்றால் விளங்கும், கொட்டியிருக்கிறது. தெருவிளக்கு இன்னும் அணையவில்லை, ஸ்காபரோவில் எங்கள் தெரு முழுக்க ஆரோ புட்டுக்கு மா அரித்துக் கொட்டிவிட்டுப் போன மாதிரிக் கிடக்கிறது, எது கார் எது செடி என்று தெரியவில்லை. வடிவுதான். கண்ணாடிக்கு உள்ளே நின்று பார்க்கிறவைக்கு வடிவு. எனக்கு ஷவல் இருக்கிறது, ஸ்நோ தள்ளுகிற இந்தப் பெரிய நீலப் பிளாஸ்டிக் அகப்பை, இதைச் சாமியறைக்குள் உன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்ததற்கு மன்னித்துக்கொள், சாமியறை என்று நாங்கள்தான் சொல்லுகிறோம், கோட்டுத் தூக்குகிற அலுமாரி அது, அதற்குள் நீயும் உன் தம்பியும் தாயும் தகப்பனும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறீர்கள், அதற்குள் ஒரு ஷவலும். வேறு எங்கே வைத்தாலும் இவர் கண்டுபிடிப்பார். போன கிழமை கேட்டார், “இஞ்சேரும், ஷவல் எங்க?” “மகன் கொண்டுபோட்டான்.” “அவனுக்கு ஏன்? அவன் இருக்கிறது பதினெட்டாம் மாடியிலயெல்லோ?” “பல்கனியில ஸ்நோ கொட்டுதாம்.” அந்தப் பொய்க்கு அன்றைக்கே ஒரு கட்டிக் கற்பூரம் கூடக் கொளுத்தினேன், நீ கணக்கில் எடுத்திருப்பாய். நான் என்ன செய்ய, சித்திரை மாதம் இவருடைய இதயத்துக்குள் இரண்டு குழாய் வைத்தார்கள், ஸ்டென்ட் என்று அதற்குப் பெயர், டொக்டர் ஒரு பால்கானை, பால் வருகிற பிளாஸ்டிக் போத்தலை, தூக்கிக் காட்டி இதைவிடப் பாரமான ஒன்றையும் நீங்கள் தூக்கக்கூடாது, ஸ்நோ தள்ளுகிற கதையே இருக்கக்கூடாது என்றார், இவரும் தலையைத் தலையை ஆட்டினார், ஆட்டிவிட்டு வெளியே வந்து கார்க்கதவைத் திறக்கும்போது என்னிடம் “அவருக்கு வயசு காணாது” என்றார். இன்றைக்கு மகள் வந்து இவரை அந்த டொக்டரிடம்தான் கொண்டுபோகப் போகிறாள். நேற்று ரெலிபோனில் சிந்துஜா தெளிவாகச் சொன்னாள், “அப்பாவும் வெளிய இறங்கக்கூடாது, அம்மாவும் இறங்கக்கூடாது, நான் வந்து தள்ளுவன், விளங்கிச்சுதோ?” விளங்கியது. இவர் ரெலிபோனை வைத்துவிட்டு, “பொம்பிளைப்பிள்ளை குளிருக்க நிண்டு தள்ள, நான் உள்ளுக்க இருந்து தேத்தண்ணி குடிக்கிறதோ, நல்ல கதை” என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அந்தக் குரலில் கதைத்தாரென்றால் விடிய எழும்பி இறங்குவார். ஷவல் இல்லாவிட்டாலும் இறங்குவார், கார்த்திகையில் முதல் ஸ்நோவுக்கு ஷவலைக் காணவில்லை என்று கேக் வேகவைக்கிற தட்டத்தோடு இறங்கின மனிசன். ஆகவே அவர் எழும்ப முதல் வீட்டு வாசலில் கார் ஏறுகிற இந்த டிரைவ்வேயில் தள்ளுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கக்கூடாது. அவ்வளவுதான். சின்ன வேலை. முருகா என்று தொடங்கு.

தொடங்கவில்லை, நில், முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும், அதை உள்ளேயே செய்தாயிற்று, குசினிக்குள் தோப்புக்கரணம் போட்டேன். சிந்துஜா முதுகு, முழங்கால் எல்லாம் பார்க்கிற படிப்புப் படித்தவள், பிஸியோ, அவள்தான் சொன்னாள், “அம்மா, ஜிம்மில காசு கட்டிச் செய்யிறதும் உங்கட தோப்புக்கரணமும் ஒண்டுதான், வெளிய போகமுதல் பத்து இருபது போடுங்கோ.” போட்டேன், ஆனால் இடையில் குழப்பம் வந்துவிட்டது, இது உனக்குப் போடுகிறதோ என் முழங்காலுக்குப் போடுகிறதோ என்று, உனக்கென்றால் காதைப் பிடிக்க வேண்டும், முழங்காலுக்கென்றால் கையை முன்னுக்கு நீட்ட வேண்டும், கடைசியில் ஒரு கையால் ஒரு காதைப் பிடித்து மற்றக் கையை நீட்டிக்கொண்டு போட்டேன், இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். இப்போது காலை அகட்டு. ஒரு கால் முன்னுக்கு, ஒரு கால் பின்னுக்கு. ஷவலை வயிற்றோடு அண்டிப் பிடி. முதுகு நேர். இதைப் படிப்பிப்பதற்கு என் பிள்ளை பட்ட பாடு. குசினிக்குள் தும்புத்தடியின் கம்பைக் கழற்றி என் முதுகோடு வைத்து, “பிடரியில தொடவேணும், தோளுக்கு நடுவில தொடவேணும், கீழ வாலெலும்பில தொடவேணும், மூண்டும் தொட்டபடி குனியுங்கோ பாப்பம்” என்றாள். நான் குனிந்தேன். கம்பு என் தலைக்கு மேலால் போய்க் கறிச்சட்டிக்குள் விழுந்தது. “அம்மா! இது முத்தம் கூட்டுறதில்லை!” முற்றம் கூட்டின முதுகுக்கு வேறு குனிவு தெரியாது பிள்ளை, ஒரு கை இடுப்பில், ஒரு கையில் விளக்குமாறு, கால் இரண்டும் நட்ட கம்பு மாதிரி, இடுப்பில் பாதியாய் மடிந்து போகிறதுதான் எங்களுக்குக் குனிவு, முழங்காலை மடித்தால் எங்கட அம்மா, “என்னடி, முத்தத்தில குந்தி முட்டையிடப் போறியோ” என்று கேட்பா. சிந்துஜா சொன்னாள், “உங்கட இடுப்பில ஒரு பிணைச்சல் இருக்கெண்டு நினையுங்கோ, கதவுக்கு இருக்குமே, அதில மட்டும்தான் மடியவேணும், முதுகு கதவு, கதவு வளையுமே?” வளையாது. நல்ல பிள்ளை, பொறுமைசாலி. முதுகு கதவு. தள்ளு. முருகா. ஆ, வருகிறது, இலேசாகத்தான் வருகிறது, ஈரமில்லாத ஸ்நோ, அம்மாளே கும்பிட்டேன், ஈர ஸ்நோ என்றால் குழைத்த சீமெந்து. ஷவலில் ஒட்டவும் இல்லை, நல்லெண்ணெய் பூசியிருக்கிறேன், எண்ணெய் பூசினால் ஒட்டாது என்று ஆரோ சொல்ல முந்தித் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வந்தேன், இரண்டு தரம் தள்ள அது வெள்ளையாய் உறைந்துபோய் ஸ்நோவுக்கு மேலே ஸ்நோ என்று நின்றது, சுரண்டச் சுரண்டப் போகவில்லை, இவர் அதைப் பார்த்துவிட்டு ஷவலுக்கும் வெள்ளிக்கிழமை முழுக்கோ என்று கேட்டவர். தள்ளலாம், தூக்கக்கூடாது. தள்ளலாம், தூக்கக்கூடாது. இது இப்போது நாமசெபம் மாதிரி வாயில் வந்துவிட்டது.

ஏன் இவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும், என்றாலும் சொல்லுகிறேன், சொல்லாமல் மனம் நிற்காது. போன மாரிக்கு இந்த இடத்தில்தான், இதோ இந்த மேப்பிள் மரத்துக்குக் கிட்ட, ஒரு ஷவல் நிறைய அள்ளித் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிந்தேன், ஸ்நோ போனது, என் முதுகும் அதோடு போனது. எல் நாலு, எல் அஞ்சு என்றார் டொக்டர், முதுகெலும்புக்கு இப்படி வீட்டு இலக்கம் மாதிரி வைத்திருக்கிறார்கள், அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் மதில் சரிந்துவிட்டதாம். அதுக்குப் பிறகு எல் நாலு, எல் அஞ்சு என்று அவ்வளவு நினைத்துக்கொண்டு திரிந்ததில், கோயிலில் ஐயர் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் கேட்க, சிவபாதசுந்தரம், அனுஷம், நாகபூஷணி, எல் நாலு எல் அஞ்சு என்று சொல்லிவிட்டேன், ஐயரும் இருந்த அவசரத்துக்கு அதையும் சேர்த்து ஓதிவிட்டுத் தட்டை நீட்டினார். சரி, அது சிரிப்பு. சிரிப்பில்லாதது என்னவென்றால், அந்த நாட்களில் இவர்தான் என்னைத் தூக்கினார். கட்டிலில் இருந்து கதிரைக்கு, கதிரையில் இருந்து குளியலறைக்கு, நான் வேண்டாம் என்று சொன்னாலும், பிள்ளைகள் வருவினம் பொறுங்கோ என்று சொன்னாலும், “நீர் என்ன பெரிய பாரமோ, கோழிக்குஞ்சு” என்று சொல்லிச் சொல்லித் தூக்கினார். நான் கோழிக்குஞ்சு இல்லை. என்னுடைய நிறை எனக்குத் தெரியும். மாசியில் தூக்கினார், சித்திரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மாசியில் தூக்கினார், சித்திரையில். டொக்டரிடம் நானே கேட்டேன், சிந்துஜா இங்கிலீசில் கேட்டுச் சொன்னாள், டொக்டர் சிரித்தார், இல்லையாம், இது கனகாலமாய்ப் படிந்த கொழுப்பாம், பொரித்த மிளகாயும் கத்தரிக்காய்ப் பொரியலும் செய்த வேலையாம். அதுவும் நான் பொரித்தது. எப்படிப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி என்னுடைய கைக்குள்தான் வந்து நிற்கிறது. தள்ளு. இந்தப் பக்கம் போதும், கையை மாற்று, வலது கீழே, இடது மேலே, ஒரு பக்கமாய்ச் செய்தால் ஒரு பக்கம் இழுக்கும். இதில் நான் ஒன்றைத்தான் நினைக்கக்கூடாது. என் முதுகு இன்னொருக்கால் பிடித்தால் இவர் தூக்குவார். தூக்கினால். இல்லை. அதற்கு அங்காலே போகமாட்டேன். நான் தள்ளாவிட்டால் அவர் தள்ளுவார், நான் தள்ளி முதுகு போனால் அவர் தூக்குவார், இரண்டு பக்கமும் அதே கிணறு, நடுவில் ஒரு பலகை, அந்தப் பலகையில் நான் இந்த நீல அகப்பையோடு நடக்கிறேன். முருகா, இந்த முழங்காலைப் பார். அம்மாளே, இந்த இடுப்பைப் பார். பிள்ளையாரே, நீ அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதிலைப் பிடித்துக்கொண்டு நில், உனக்கு உடம்பு காணும்.

இவரிடம் தூக்காதே என்று சொல்லுகிறது மீனை நீந்தாதே என்று சொல்லுகிறது மாதிரி. பாரமான ஒன்று நிலத்தில் இருந்தால் இவருக்குக் கை கடிக்கும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓய்வு எடுக்கிற மட்டும் சாமான் அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் பெட்டி தூக்கினவர், அதைக் கஷ்டம் என்று ஒருநாளும் சொன்னதில்லை, பின்னேரம் வந்து இன்றைக்கு என்ன தூக்கினேன் தெரியுமோ என்றுதான் தொடங்குவார், மற்ற ஆம்பிளைகள் மீன் பிடித்த கதை சொல்லுகிற மாதிரி. இந்த வீட்டுக்கு வரும்போது ஃபிரிட்ஜைத் தனியாய்த் தூக்கினார், ஆக்கள் வருவினம் என்று மகன் கோகுலன் சொல்லச் சொல்ல, கட்டிப்பிடித்து, கன்னத்தை அதில் வைத்துக்கொண்டு, என்னைக்கூட அப்படி ஒருநாளும் பிடித்ததில்லை. ஸ்டென்ட் வைத்த பிறகும் திருந்தவில்லை. கடையில் அரிசி மூட்டைக்குக் கிட்ட நான்தான் காவல். ஒருநாள் திரும்பிப் பார்க்கிறேன், மூட்டை இவருடைய தோளில். “கீழ வையுங்கோ!” “இது பால்கானைவிடக் கொஞ்சம்தான் கூட.” “இருபது றாத்தல்!” “பெரிய பால்கான்.” கடைக்காரப் பெடியனும் சிரிக்கிறான். இப்படி ஒரு மனிசனை வைத்துக்கொண்டு. மூன்று வீடு தள்ளி இருந்த துரைரத்தினம் அண்ணரும் இப்படித்தான், தேத்தண்ணியை ஊத்தி வை வாறன் என்று சொல்லிப்போட்டு ஷவலோடு போனவர், செத்தவீட்டில் அவருடைய மனிசி என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழவில்லை, “பாதி தள்ளிப்போட்டார், பாதி கிடக்கு, பாதி தள்ளிப்போட்டார், பாதி கிடக்கு” என்று அதையே சொன்னா, நான் போய் அந்தப் பாதியைத் தள்ளிவிட்டு வரட்டோ என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. வேண்டாம், அந்தப் பக்கமும் போகாதே. இன்றைக்கு நல்ல பக்கமாய்ப் போ. என்ன நினைக்கலாம். இன்றைக்கு மத்தியானம் என்ன கறி. பொரியல் இல்லை. பொரியல் என்ற சொல்லே இந்த வீட்டில் இல்லை. தண்ணிச்சொதி வைக்கலாம், மகளுக்குப் பிடிக்கும், போன மாரிக்கு நான் படுத்திருக்க இவர் சொதி வைத்தார், தேங்காய்ப்பால் விடுகிறதுக்குப் பதிலாய்க் கோப்பிக்கு விடுகிற வனிலாப் பால் விட்டிருந்தார், குடித்துவிட்டு நன்றாய் இருக்கிறது என்று சொன்னேன், அதனால் மூன்று நாள் வைத்தார்.

கரை வந்துவிட்டது. இனித்தான் பெரிய அலுவல். நகரசபை வண்டி தெருவைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வந்து, தெருவில் இருந்ததை எல்லாம் வழித்து எங்கள் டிரைவ்வேயின் வாயில் தோட்டத்து வரம்பு மாதிரி கட்டிவிட்டுப் போய்விடும், மற்ற ஸ்நோ அரித்த மா என்றால் இது இறுகின கருப்பட்டி. இதைத் தள்ள ஏலாது. இதைத் தூக்கத்தான் வேண்டும். அம்மாளே. சிந்துஜா இதற்கும் சொல்லித் தந்திருக்கிறாள், கொஞ்சம் கொஞ்சமாய், சோற்றை உதிர்க்கிற மாதிரி மேலே இருந்து, ஒருதரமும் ஷவல் நிறைய இல்லை, முழங்கால் மடி, கால் எழும்பட்டும் முதுகு எழும்பக்கூடாது, எறியாதே, கொண்டுபோய்க் கொட்டு, முக்கியமாய் “முறுக்காதேங்கோ அம்மா, இடுப்புக்கு மேல மட்டும் திரும்பாதேங்கோ, காலோட சேர்ந்து முழுசாத் திரும்புங்கோ.” அது எனக்கு நன்றாய் விளங்கியது, கோயிலில் தன்னைத்தானே சுற்றிக் கும்பிடுகிற மாதிரித்தான், நின்ற இடத்தில், அடி அடியாய். ஆகவே அள்ளினேன், கொஞ்சம்தான், ஒரு பனங்காய் அளவு, அண்டிப் பிடித்தேன், சுற்றினேன், கொட்டினேன், சுற்றினேன், அள்ளினேன். சுற்றும்போது சும்மா சுற்றுவானேன் என்று நமச்சிவாய சொன்னேன். நமச்சிவாய, அள்ளு, நமச்சிவாய, கொட்டு. முன்வீட்டுச் சீனாக்காரர் நாயோடு வந்தார், நல்ல மனிசன், வந்து நின்று பார்த்தார், இவருடைய குளிர் ஜாக்கெட்டும் கோகுலனுடைய பழைய காதுமூடித் தொப்பியும் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு, கையில் ஒரு கட்டி ஸ்நோவை ஏந்திக்கொண்டு நின்ற இடத்தில் சுற்றி மந்திரம் சொல்லுகிற பொம்பிளை. அவர் இலேசாகத் தலையைக் குனிந்து வணக்கம் மாதிரி ஒன்று செய்துவிட்டு நாயையும் இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனார், எங்களுக்கு இன்றைக்கு ஏதோ பெருநாள் என்று நினைத்திருப்பார். இதோ ஒரு பெரிய கட்டி. அம்மிக்கல் அளவு. இதை ஒரே தூக்கு தூக்கினால் அலுவல் முடிந்தது. ஒரே தூக்கு. ஒரு தரம்தானே. இல்லை. இந்த ‘ஒரு தரம்தானே’ என்று சொல்லுகிறது ஆருடைய குரல்? இவருடைய குரல், நாற்பது வருசம் பக்கத்தில் படுத்தால் குறட்டை மட்டுமா ஒட்டும், தூக்குகிற ஆசையும் ஒட்டும் போல. ஷவலின் முனையால் குத்து, உடை, நாலாக்கு, எட்டாக்கு, பொறுமை, ஒரு கட்டியும் உடையாமல் போகாது. மூச்சு விடு. மூச்சைப் பிடிக்காதே என்றும் சொன்னாள். எத்தனை விசயம் சொன்னாள் இந்தப் பிள்ளை, சின்ன வயதில் நான் சொன்னதெல்லாம் ஒன்றையும் கேட்காதவள், இப்போது நான் அவள் சொல்லுகிறதை எல்லாம் கேட்கிறேன், வெளியே போகாதே என்றதைத் தவிர.

முடிந்தது. முருகா, முடிந்தது. அங்கிருந்து இங்கு மட்டும் கறுப்பாய், நேராய், நனைந்த பலகை மாதிரி கிடக்கிறது டிரைவ்வே, ஒரு கார் அல்ல, தேரே வரலாம். முதுகு? இருக்கிறது. எல் நாலு? இருக்கிறது. எல் அஞ்சு? இருக்கிறது. ஒரு நோவும் இல்லை, இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன், சூடாய், சொன்ன சொல்லுக் கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தது. கெட்டிக்காரி நாகபூஷணி. இல்லை, கெட்டிக்காரன் நீ, பிள்ளையாரே, எனக்கு ஒரு பெருமையும் வேண்டாம், என்றாலும் கொஞ்சம். படி ஏறினேன், பக்கக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொன்றாக. கதவைத் திறந்தேன், சத்தமில்லை. மேலே குறட்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அடைத்து, இழுத்து, விட்டு, என்ன வடிவான சத்தம். ஷவலைச் சுவரோடு சாத்தினேன். ஒரு சப்பாத்தைக் குதியால் குதியை அழுத்திக் குனியாமலே கழற்றினேன், அதுவும் அவள் சொல்லித் தந்ததுதான். அப்போதுதான் கண்டேன். வாசல் கம்பளத்துக்குப் பக்கத்தில் இவருடைய வீட்டுச் செருப்பில் ஒன்று கவிண்டு கிடந்தது. விடியக்காலையில், வாசலில், செருப்பு அடிப்பக்கம் மேலே பார்க்கக் கிடந்தால் அந்த வீட்டில் சண்டை வரும், இது ஆருக்குத் தெரியாது, அதுவும் டொக்டரிடம் போகிற நாளில். கை போய்விட்டது. நான் நினைக்கவில்லை, கைதான் போனது, ஒரு கை இடுப்பில், கால் இரண்டும் நட்ட கம்பு, முற்றம் கூட்டுகிற அதே குனிவு. அந்தச் செருப்புக்கு ஓர் அப்பளத்தின் பாரம் இல்லை. நிமிர்த்தி வைத்தேன். வைத்த இடத்தில் இடுப்புக்குள் ஆரோ சுள்ளென்று ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தினார்கள்.

ஐயோ என்று சொல்லவில்லை. வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன், அதற்குக் கூட ஒரு கைதான் இருந்தது, மற்றது செருப்போடு. நிமிர ஏலாது. குனியவும் ஏலாது. மெதுவாய் முழங்காலை இறக்கினேன், பிறகு கையை, பிறகு நெற்றி ஈரக் கம்பளத்தில் முட்டியது, அங்கே நின்றுவிட்டது. ஒரு மலை ஸ்நோவுக்கு மடங்காத முதுகு ஒரு செருப்புக்கு மடங்கிவிட்டது பார், பிள்ளையாரே, நான் வெளியே மட்டும் காவல் கேட்டேனோ, உள்ளே கேட்க மறந்தேனோ, நீயும் சொன்னதை மட்டும் செய்கிற ஆளோ. சரி. பதறாதே. இவர் எழும்ப முதல் தவழ்ந்து அந்தக் கதிரைக்குப் போனால், கதிரையைப் பிடித்து, ஒரு முழங்கால், பிறகு. ஒரு கையை நகர்த்தினேன், கற்பூரம் எரிந்தது. நகர்த்தவில்லை. அப்போது மேலே குறட்டை நின்றது. வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. கட்டில் கிறீச்சிட்டது. குளியலறைத் தண்ணீர் ஓடியது. நிலை அப்படியே. முதற்படி. தூக்கப்போகிறார். இரண்டாம் படி. கோழிக்குஞ்சு என்று சொல்லித் தூக்கப்போகிறார். அதற்கு அங்காலே நான் போகமாட்டேன் என்று வெளியே நின்று சொன்ன இடத்துக்கு இப்போது அவரே படியிறங்கி வருகிறார், இடுப்பில் கட்டின சாரம் சரசரக்கிறது. ஒரே ஒரு வழிதான் தெரிந்தது, கை இரண்டையும் தலைக்கு முன்னால் நீட்டிக் கூப்பினேன். “என்னப்பா இது?” “கும்பிடுறன்.” “வாசலையோ?” “வெள்ளிக்கிழமையெல்லோ.” “இண்டைக்குச் செவ்வாய்.” “செவ்வாயும் விசேசம்தான்.” “ஒரு கால் சப்பாத்தோடயோ?” கடவுளிடம் கதைக்கிறவள் மனுசருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. அவர் கதவுக்குப் பக்கத்துக் கண்ணாடியால் எட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. “டிரைவ்வேயை ஆர் தள்ளினது?” “பிள்ளையார்.” “நல்ல நேராத் தள்ளியிருக்கிறார்.” பிறகு அவருடைய பாதம் இரண்டும் என் கண்ணுக்கு முன்னால் வந்தது, வெறுங்கால், ஈரத்தில் நிற்கிறார், குளிரும், சொல்ல வேண்டும், சொல்லவில்லை. குரல் மாறியிருந்தது. “முதுகோ?” பொய் வரவில்லை. “ம்.” “சரி, ஆடாதேயும், நான் இப்பிடி ஒரு சொட்டுப் பிடிச்சனெண்டால்” என்று இரண்டு கையும் என் கக்கத்துப் பக்கமாய் இறங்கி வந்தது, அந்தக் கை எனக்குத் தெரியும், ஃபிரிட்ஜுக்குப் போன கை, நான் கத்தினேன், “தொடாதேங்கோ!” முன்வீட்டு நாய் குலைத்தது. கை நின்றது. “நீங்கள் தூக்கினா நான் செத்துப்போவன்.” “நீர் ஏன் சாகிறது? தூக்கினா நானெல்லோ சாகவேணும்.” “அதைத்தான் சொல்லுறன்.”

அந்த இரண்டு கையும் என் தலைக்கு மேலே விரிந்தும் மடிந்தும் நின்றதை நான் பார்க்கவில்லை, நிழலில் பார்த்தேன். பிறகு நிழல் போனது. பாதம் இரண்டும் திரும்பிப் போனது, ரெலிபோனில் பொத்தான் அமத்துகிற சத்தம். “பிள்ளை, அம்மா நிலத்தில. ஓம், மூச்சு விடுறா. ஓம், கதைக்கிறா, கத்தவும் செய்யிறா. இல்லை, நான் தூக்கேல்லை. தூக்கேல்லையெண்டு சொல்லுறன். ஏன் பிள்ளை ஒருத்தரும் என்னை நம்பீனமில்லை? சத்தியமாத் தூக்கேல்லை, கொம்மாட்டக் கேள்.” ரெலிபோனை என் காதடியில் பிடித்தார், “அப்பா உங்களைத் தூக்கினவரோ?” என்று சிந்துஜா அழுகிற குரலில் கேட்டாள், “இல்லைப் பிள்ளை” என்றேன், “அம்மா வெளிய போனீங்களோ?” என்று அடுத்ததைக் கேட்டாள், “கேக்குதில்லை பிள்ளை” என்றேன். அவள் சொல்லச் சொல்ல இவர் செய்தார். ஒரு தலையணை என் வயிற்றுக்குக் கீழே தள்ளினார், தள்ளத்தான் செய்தார், ஒரு தலையணை நெற்றிக்கு. நான் நானாகவே மெல்ல மெல்ல ஒருக்களித்துச் சரிந்தேன், அவர் கிட்ட நின்று தன் மூச்சாலேயே என்னைத் திருப்புகிற மாதிரி ஊதிக்கொண்டு நின்றார், தொடவில்லை. கம்பளிப் போர்வை வந்தது. அவள் வந்துகொண்டிருக்கிறாளாம், தெருவெல்லாம் ஸ்நோவாம், மெதுவாகத்தான் வரலாமாம். எரிகிற கற்பூரம் அணைந்து இப்போது ஊதுபத்தி அளவில் புகைகிறது. சரிந்து படுத்த இடத்திலிருந்து பார்த்தால் மாடிப்படியின் கடைசிப் படியும், அதில் இருக்கிற இவருடைய முழங்கால் இரண்டும், சாரத்தின் கட்டமும் தெரிகிறது. முகத்தைப் பார்க்க என் கழுத்து எழும்பாது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன், ஏறுகிறது, இறங்குகிறது, ஒழுங்காய், பிள்ளையாரே, பெரிய காதுக்காரா. ஆனால் முழங்காலில் கையைக் காணவில்லை. மடியிலும் இல்லை, பக்கத்திலும் இல்லை. பயம் திரும்ப ஓடிவந்தது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரோ, பின்னால் ஏதாவது ஒளித்து வைத்துத் தூக்கப்போகிறாரோ. “கை எங்க?” என்றேன். “இருக்கு.” “எங்க இருக்கு?” அவர் கொஞ்சம் நெளிந்தார், அப்போதுதான் விளங்கியது, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதற்கு மேலே தன்னுடைய முழுப் பாரத்தையும் வைத்துக்கொண்டு இருக்கிறார். “ஏன் கைக்கு மேல இருக்கிறீங்கள், விறைக்கப் போகுது?”

“விறைக்கட்டும்,” என்றார். “இதுகளை நம்பேலாது.”